நிலைவாசலின் தைரியம்

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்ததிலிருந்து நிலைவாசலுக்குத் தலைகால் புரியவில்லை. "நெருப்போ புயலோ எது வந்தாலும் பணம் கொடுத்து என்னைப் புதுசாக்கிடுவாங்க" என்று சுவர்ப்பல்லியிடம் பீற்றிக்கொண்டது.

மழைக்காலத்தில் ஒரு கரையான் வந்து தயங்கி நின்றது.

"கூச்சப்படாம சாப்பிடும்மா, எனக்கென்ன நஷ்டம்?" என்றது நிலைவாசல்.

கரையான் தன் சுற்றத்தையெல்லாம் கூட்டி வந்தது. சில மாதத்தில் நிலைவாசலுக்குள் பாதி கூடாகிவிட்டது.

பல்லிக்குப் பொறுக்கவில்லை. "அட அசடே! அந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொன்னதில் பாதியைத்தான் கேட்டியா? திடீர்னு வர்ற சேதத்துக்குத்தான் பணம். கரையான் அரிச்சதுக்கும் ஈரத்தில் உளுத்ததுக்கும் ஒண்ணும் கிடையாது. உன்னைப் பிடுங்கி அடுப்பில்தான் வைப்பாங்க."

நிலைவாசல் அவசரமாகக் கெஞ்சியது. "கரையானம்மா, தயவுசெஞ்சு கிளம்பிடேன்!"

"நல்லா இருக்கே! விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுப்புவாங்களா?" என்று கரையான் மென்றுகொண்டே கேட்டது.

அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை பூஜைக்காக நிலைவாசலுக்கு மஞ்சள் பூச வந்தாள் வீட்டம்மா. அடிப்பக்கம் பூசியபோது விரல் பொசுக்கென்று உள்ளே போனது.

"ஐயையோ, கரையான்! முழுசா அரிக்கிறதுக்குள்ள ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிபண்ணுங்க!"

அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

"இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்து, தாயே" என்று நிலைவாசல் மனசுக்குள் கும்பிட்டது.