பேசுகிற மூட்டை

டணங் டணங் என்று தூக்குப்போசி பாறைகளில் மோதி உருண்டது.

மூடி ஒரு பக்கம். தக்காளிச் சோறு ஒரு பக்கம்.

அவன் திரும்பினான். முதுகில் வேட்டியால் கட்டியிருந்த பெரிய மகனும் சேர்ந்து திரும்பினான்.

பத்தடி கீழே சின்னவன் விழுந்து கிடந்தான்.

"முகிலு!"

அடி ஒன்றுமில்லை. மல்லாந்து கிடந்தபடி சிரித்தான்.

அப்போதுதான் அப்பனுக்கு மூச்சு வந்தது.

இது மூன்றாவது மலை. இன்னும் நான்கு ஏறினால்தான் கோயில்.

அடிவாரத்தில் அவன் ஒன்று நினைத்துக்கொண்டான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஏழு மலையையும் சின்னவன் தன் காலால் ஏறிவிட்டால் போதும். அவனுக்கு வியாதி எதுவும் இல்லை என்று அர்த்தம்.

பெரியவனுடைய வியாதியின் பெயர் இன்னும் அப்பன் வாயில் நுழையவில்லை. தசை கரைந்துகொண்டே போகும். மருந்து கிடையாது. போன வருஷம் நடை நின்றது. பதினோரு வயதாகியும் சுமக்கிற எடைதான் இருந்தான்.

இரண்டாவது மலையில், இறங்கி வந்த ஒருவர் கேட்டார்.

"முதுகுல என்ன சாமி, மூட்டையா?"

"மூட்டைதாங்க. பேசற மூட்டை" என்றான் பெரியவன்.

பெரியவனுக்கு ஆறு வயதிருக்கும்போது டாக்டர் அவனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். குப்புறத் திரும்பினான். கைகளைத் தரையில் ஊன்றினான். பிறகு முழங்காலில். பிறகு தொடையில். தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி ஏறி நின்றான்.

எழுந்த விதமே போதும் என்று டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

போன மாதம் அவரே சொன்னார், சின்னவனையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று. அவனுக்கும் இப்போது ஆறு.

"இவன் ஓடுறானுங்க சார்" என்று சொல்லி அழைத்து வந்துவிட்டான்.

சின்னவன் ஓடத்தான் செய்தான்.

முதல் மலையில் முன்னால் ஓடினான். இரண்டாவதில் பக்கத்தில் நடந்தான்.

மூன்றாவதில் பின்னால்.

"எந்திரி கண்ணு."

சின்னவன் குப்புறத் திரும்பினான்.

கைகளைப் பாறையில் ஊன்றினான்.

பிறகு முழங்காலில்.

பிறகு தொடையில்.

அப்பன் பார்வையைத் திருப்பி, சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்தான். அதில் ஏற்கெனவே எறும்பு வந்திருந்தது.

காதோரம் பெரியவன் கலகலவென்று சிரித்தான். இப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"அப்பா, அங்க பாருங்க! தம்பியும் என்னய மாதிரியே எந்திரிக்கிறான்!"