மைக் பேட்டரி

“ஏட்டி ஷீஜா, இது சர்ச் மைக் பேட்டரி. இந்தச் சார்ஜர்லதான் போடணும். போன் சார்ஜர்ல போட்டா வெடிச்சிரும். பக்கத்துலயே இருந்து பாத்துக்க,” என்பான் கணவன் சாம்சுந்தர்.

அதையும் ஓர் ஊழியமாக நினைத்து, சாயங்காலமானால் காவலிருப்பாள் ஷீஜா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பேட்டரியை வீட்டிலேயே மறந்துவிட்டு, சாட்சி சொல்ல முன்னதாகவே சர்ச்சுக்குப் போய்விட்டான். அவள் பதறிப்போய் ஆட்டோ பிடித்தாள். மைக்செட் பவுல்பாண்டியனிடம், “அண்ணாச்சி, மைக் பேட்டரி!” என்று நீட்டினாள்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்மது வயர் மைக்குல்லாம்மா, பேட்டரியே கிடையாது. இது இ-சிகரெட் பேட்டரில்லா?”

ஸ்பீக்கரில் சாம்சுந்தரின் குரல் தழுதழுத்தது. “புகைக்கிற பாவத்த விட்டு வருஷமாச்சு. பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டவ என் மனைவி!”

சபையே ஷீஜாவைத் திரும்பிப் பார்த்து, “ஸ்தோத்திரம்” என்றது.

பேட்டரி, அவள் போட்டுவைத்த முழுச் சார்ஜோடு, பவுல்பாண்டியன் கையில் இருந்தது.