நேயர் எண்ணிக்கை

"ரேடியோவா? இந்தத் தெருவுலயா? நாங்க கேட்டதே இல்லையே சார்!"

மூன்றாவது வீட்டிலும் இதே பதில்தான். தொலைத்தொடர்புத் துறை அதிகாரி தோத்தாத்ரி தன் காகிதத்தில் இன்னொரு கோடு போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற ஞானஜோதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவளை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு மாதமாக இரும்புலியூரில் தன் வீட்டிலிருந்தே, தினமும் காலை ஆறு மணிக்கு, ஒரு சின்னப் பெட்டியை வைத்து ரேடியோ நடத்தியவள், லைசென்ஸ் கேட்டுத் தானே மனுப் போட்டாள். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய புத்தி, சும்மா இருக்குமா? 'நேயர் எண்ணிக்கை' என்ற இடத்தில் 'தெரு முழுக்க' என்று பெருமையாக வேறு எழுதியிருந்தாள். பதிலுக்கு அதிகாரியே வந்துவிட்டார்.

"தனி ஆளுக்கு லைசென்ஸ் கிடையாதும்மா. காலேஜ், சங்கம்னு ஏதாவது இருக்கணும்."

"நாலு தெரு தாண்டாது சார். தண்ணி லாரி எப்ப வரும், கரென்ட் எப்ப போகும், இதைத்தானே சொல்றேன்? சின்ன ரேடியோவுக்குச் சின்னதா ஒரு சட்டம் போடக் கூடாதா?"

"போட்டா சொல்லி அனுப்பறேன். இப்ப, உங்க ரேடியோவைக் கேட்டேன்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாப் போதும். பெட்டியை எடுத்துட்டுப் போய்க் கேஸ் எழுதிடுவேன்."

மணி சாயங்காலம் நாலுதான். நாலாவது வீட்டில் கங்கையம்மாள், வாசலில் அதற்குள் வரிசை கட்டி நின்ற பிளாஸ்டிக் குடங்களில் ஒன்றை நகர்த்தி வழி விட்டாள்.

"இன்னாது, இந்தம்மா ரேடியோல பேசுதா? வூட்ல டிவி கீது சார். ரேடியோவ எவன் கேக்கறான்?"

ஞானஜோதிக்குச் சுருக்கென்றது. ஒருத்தர் 'கேட்டேன்' என்றாலும் ஆபத்துதான். ஆனாலும் யாராவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தினமும் முடிக்கும்போது தன் போன் நம்பரைச் சொல்வாள். ஒரு போன் வந்ததில்லை. வீட்டிலும் பேச ஆள் கிடையாது. இன்றைக்குக்கூட, 'லாரி காலையில் வராது, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான்' என்று மூன்று தடவை சொன்னாள். எந்தச் சுவருக்குச் சொன்னாளோ!

திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டும் சவுரிமுத்து, காலை ஆறு மணிக்குத் தான் தூங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். கடைசி வீட்டு ஜாஸ்மின், "எங்க வீட்டுல ரேடியோவே இல்ல சார்" என்று கதவைச் சாத்தினாள். மொத்தம் பதினோரு வீடு, பதினோரு கோடு.

தோத்தாத்ரி பைலை மூடினார். "யாருக்குமே கேக்காத ரேடியோவை எடுத்துட்டுப் போய் நான் என்னம்மா பண்றது? நீங்களே வெச்சுக்குங்க."

அவர் வண்டி தெருமுனை திரும்பியது. தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டியவள் உள்ளே போய் அழுதாள். எட்டு மாதம் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், பைத்தியம் மாதிரி.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். ஒரு பழைய புடவையில் சுற்றி, பரணில் ஏற்ற ஸ்டூலைத் தேடினாள். இனி இந்த வாய் திறக்காது.

கதவு தட்டும் சத்தம். திறந்தால், ஜாஸ்மின். தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஆள் போயிட்டாராக்கா?"

"போயிட்டார். ஏன்?"

"தெருவே சேர்ந்து பொய் சொல்லியிருக்கோம். பயந்துகிட்டு நாளைக்குப் பேசாம இருந்துடாதீங்க!"