இருபத்தாறு கேஜ்

"இருபத்தாறு கேஜ்ல போடுங்க பாய்" என்றாள் அந்த அம்மாள்.

ஜானி பாஷா சுத்தியலைக் கீழே வைத்தார். மகளின் கல்யாணச் சீருக்கு டிரங்குப் பெட்டி வாங்க வந்தவள், கடையில் இருப்பதிலேயே மெல்லிசான தகட்டைக் கேட்கிறாள்.

இது ஒன்றும் புதிதில்லை. தேரடித் தெருவில் அவர் பெட்டி அடிக்கிற இந்த இருபது வருடத்தில், நம்பர் ஏறினால் கனமும் ஏறும் என்று நினைத்து வந்தவர்களே ஜாஸ்தி. கேஜ் கணக்கோ தலைகீழ். நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். வெள்ளைக்காரன் போனாலும் அவன் கணக்கு போய்த் தொலையவில்லை.

போன மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டார், நசுங்கிய பெட்டி ஒன்றைக் கடை வாசலில் போட்டு, தகர டப்பா என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார்கள். அடம்பிடித்து இருபத்தாறு கேட்டது பெண் வீடு. மானம் போனது பாஷாவுக்கு. இன்னொரு தடவை அப்படி நடந்தால், ஆவணி முகூர்த்தத்துக்கு ஒருத்தரும் இந்தக் கடைப்படி ஏற மாட்டார்கள்.

அதனால் பொறுமையாகவே விளக்கினார். இருபது கேஜ் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சீருக்கு அதுதான் லாயக்கு. இருபத்தாறு, அரை மில்லிகூட வராது.

"தெரியும் பாய். மூணு கடையில கேட்டுட்டுதான் வர்றேன்."

பாஷாவுக்குச் சுருக்கென்றது. தெரியாமல் கேட்பவளுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்தே கேட்பவளை என்ன செய்வது?

அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் சரோஜா என்றாள். ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். செருப்பு வாரில் பின்னூசி குத்தியிருந்தது.

விஷயம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தார். மாப்பிள்ளை வீட்டார் இருபது கேட்டிருப்பார்கள். நான் ஆறு நம்பர் கூடவே போட்டிருக்கிறேன் என்று இவள் அவர்கள் காதில் பூச்சுற்றப் பார்க்கிறாள். நாளைக்குப் பெட்டி நசுங்கினால் பழி யார் தலையில் விழும்?

"அதே விலைக்கு இருபதுலயே தர்றேன், எடுத்துக்கம்மா" என்று ஆழம் பார்த்தார்.

"வேணாம் பாய்."

நல்ல சரக்கைச் சல்லிசாகக் கொடுத்தும் வேண்டாம் என்கிறவளை பாஷா அன்றுதான் பார்த்தார். சந்தேகம் இரட்டிப்பானது.

அதற்குள் அவள் எழுந்துபோய், அடித்து வைத்திருந்த இருபது கேஜ் பெட்டியை வலது கையால் தூக்கினாள். இடது கையை இடுப்போடு மடக்கி வைத்துக்கொண்டாள். வாசல் வரை நடந்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். அடுத்து இருபத்தாறு கேஜ் பெட்டி. அதையும் அதே மாதிரி ஒரு கையாலேயே தூக்கினாள். இந்தத் தடவை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, மூன்று கடை தள்ளிப் போய்விட்டுத் திரும்பினாள். இன்னொரு கை இடுப்பைவிட்டு நகரவே இல்லை.

பாஷாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா உன் கணக்கு? எனக்குத்தானே பேர் கெடும்?"

சரோஜா பெட்டியை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியவளுக்கு இருபதுலதான் குடுத்தனுப்பினேன் பாய். புருஷன் வீட்டுல அடி தாங்காம, இடுப்புல கொழந்தை, கையில பெட்டின்னு கெளம்பிட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்க முடியல. விட்டுட்டு வரவும் தெரியல அவளுக்கு. பாதி வழியிலயே பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க."

இவ்வளவு நேரம் இவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம் என்று பாஷாவுக்கு வெட்கமாக இருந்தது. மெல்லிய தகட்டை உருவி எடுத்தபடியே கேட்டார்.

"பெரியவ இப்ப உன்கிட்டதானே இருக்கா?"

"கொழந்தைய மட்டும்தான் குடுத்தாங்க பாய்."