காற்புள்ளிக்குப் பிறகு

2019 மார்ச் 4, திங்கட்கிழமை. டென்மார்க்கின் வடக்கே ஒரு சிறிய நகராட்சி, முதியவர்களின் வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்பும் வேலையைப் புதிய மென்பொருளிடம் ஒப்படைத்தது.

நவம்பரில் ஒரு மதியம், பாதி தின்ற ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நகராட்சியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் டோர்தெ அதன் முன் உட்கார்ந்திருந்தாள். அனுமதித்த நேரமும் ஆட்கள் போன நேரமும் ஒத்துவரவில்லை. ஏனென்று கண்டுபிடித்தால்தான் நினைவிழந்தோர் இல்லத்துக்குப் போய் அப்பாவைப் பார்க்க முடியும்.

வாரத்துக்கு மூன்றரை மணி நேரம். சோதித்துப் பார்க்க 3,5 என்று அடித்தாள். நாட்டில் எல்லோரும் அடிப்பதுபோல, தசமத்துக்குக் காற்புள்ளி வைத்து.

நிரல் அந்த எழுத்துகளைத் தானாகவே எண்ணாக மாற்றிக்கொண்டது. அதற்குத் தெரிந்த தசமம் புள்ளி மட்டும்தான். காற்புள்ளியைக் கண்டதும் நின்றது. மிச்சத்தை உதறிவிட்டது.

3.

எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

அரை மணி நேரத்துக்கு 0,5 என்று அடித்தாள்.

0.

பூஜ்யம் மணி நேரத்துக்கு யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தார் பார்க்கும் பக்கத்தில், அடித்தது அடித்தபடி, 0,5 என்றே இருந்தது.

பக்கத்து மேசை ஹென்னிங் நாற்காலியோடு நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"எட்டு மாசமா ஆளே போகல. ஒரு பெருசுகூட வாயத் தொறக்கலயே டோர்தெ! சுத்தமா மறந்துட்டாங்க போல."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் அப்பா தொலைபேசியில் சொன்னார்: "வியாழக்கிழமை யாரும் வர்றதில்லம்மா. போட்டு வெச்ச காபி ஆறிப் போகுது."

அன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். வியாழக்கிழமைக்கு 0,5 என்று இருந்தது. வருகிறார்கள், உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லை என்றாள். அடுத்த வாரமும் அவர் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

தனியாக இருப்பவர் வியாழன்தோறும் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறார் என்று மருத்துவரிடம் சொன்னது அவள்தான். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். ஆகஸ்டில் அவரை இல்லத்தில் சேர்க்க அவள் கையெழுத்துப் போட்டாள்.

டோர்தெ நிரலில் அந்த ஒரு வரியைத் திருத்தினாள்.

அடுத்த வியாழக்கிழமை, விடுபட்ட வீடுகளுக்கு உதவியாளர்கள் போனார்கள். அப்பாவின் வீட்டில் செப்டம்பரிலிருந்து வேறொரு குடும்பம் இருக்கிறது.