மெர்சி மெஸ்ஸுக்கு ஒரு வெப்சைட்

"ஜூலை 14. இன்றும் சரியான மென்பொருள் அமையவில்லை" என்று மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்ததும் டைரியில் எழுதினாள் மாரிசெல்வி. வெப்சைட் செய்ய ஐந்து மென்பொருள்களைப் பார்த்ததில் தலை சுற்றியதுதான் மிச்சம்.

மெஸ் நடத்தும் மெர்சி எட்டிப்பார்த்தாள். "இன்னாம்மா, ஆச்சா? மத்தியான சாப்பாடு மீந்துகினே கீது. இதுவும் ஓடலன்னா மெஸ்ஸ மூடிருவேன்."

"கம்பெனிப் பிள்ளைய எல்லாரும் பதினோரு மணிக்கு ஆர்டர் போடணும்லாக்கா? அதுக்கு எது தோதுன்னுதான் குழப்பமா இருக்கு."

"நீயும் அங்கதான வேலை செய்ற? நாளைக்கு மிஷின் லைன்ல நின்னுகினே போன்ல ஒண்ணொண்ணா போட்டுப் பாரேன்."

"எப்படிக்கா? கேட்லயே எல்லார் போனையும் வாங்கி வச்சிருவாங்கள்லா!"

சொன்ன பிறகுதான் மாரிசெல்விக்கே உறைத்தது.

"படிச்ச புள்ளைன்னு உன்கிட்ட வந்தேன் பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மெர்சி.

மாரிசெல்வி மீண்டும் எழுதினாள்: "நாளை: காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்டு ஆர்டர் எடுக்க வேண்டும்."