புளியமரம் தாண்டிய வண்டி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரிலேயே பஞ்சாயத்து. எழுந்து உள்ளே போகலாம்தான். அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவில் எழுந்து நடக்கக் கூச்சம். அதனால் உருவின காம்பையே திரும்பத் திரும்ப உருவிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தேழு, புரட்டாசி மாசம். எங்க சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். எங்க ஊரில் ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள்.

அந்த ரோட்டுக்காக மாமனார் காலத்திலிருந்து இருபது வருஷம் மனு கொடுத்தோம். ரோடு வந்து மூணு வருஷம்தான் ஆகிறது. மறிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அதே வேகத்தில் ஊருக்கு அந்தப் பக்கமும் ஒரு மரத்தைச் சாய்த்து, எங்களை நாங்களே பூட்டிக்கொண்டோம்.

மூணாம் நாள் விடிந்து பார்த்தால், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரத்தில் நுனிக் கிளைகளை வெட்டி, ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு யாரோ வழி விட்டிருக்கிறார்கள். ஈரமண்ணில் வண்டித் தடம். அன்னிக்குச் சாயங்காலமே பஞ்சாயத்து கூடிவிட்டது.

"பொன்னுரங்கம், ஒத்துக்க. கோடாலி உன் தோள்லதான எப்பவும் தொங்கிக்கினு இருக்குது?" என்றார் காசிநாதன் மாமா. எங்க ஊர் மறியலுக்கு அவர்தான் தலைவர்.

பொன்னுரங்கம் காலனி ஆள். விறகு வெட்டுவான். மல்லாட்டை பிடுங்க, அதான் வேர்க்கடலை, எங்க நிலத்துக்குக் கூலிக்கும் வருவான்.

"நான் வெட்டலீங்க. எனக்கு ஏதுங்க வண்டி?"

"வண்டி வச்சிருக்கற எவன்கிட்டயோ காசு வாங்கிக்கினு வெட்டியிருப்ப."

என் வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவருக்கு மேடைப்பேச்சு நல்லா வரும்.

"ரோடு இல்லாத காலத்துல தரகன் வந்து சொன்னதுதான் மல்லாட்டைக்கு வெல. இன்னிக்கும் ஊர்ல பத்தாவது தேறுனவன் மூணு பேரு. மூணு பேரும் மாடுதான் மேய்க்கறான். மத்த ஜில்லாவெல்லாம் எங்கியோ போயிடுச்சி. நாம நின்ன எடத்துலயே நிக்கறோம். நம்ம புள்ளைங்களாவது ஆபீஸ்ல ஒக்காரணும்னு ரோட்ல வந்து கெடக்கறோம். நடுவுல ஒருத்தன் சுயநலத்துக்கு வழிய வெட்றான்னா, அவன் இன்னா மனுசன்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர் பேசினால் எனக்கு முதலில் கண் கலங்கும். அர்த்தம் அப்புறம்தான் புரியும்.

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தான்.

"வெட்டுன கெளையெல்லாம் அங்கியே கெடக்குதுங்க. நான் வெட்டியிருந்தா அம்மாம் வெறக அப்பிடியே வுட்டுட்டு வருவனா? அந்த அளவுக்கு நான் வசதியாயிட்டனாங்க?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். காசிநாதன் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாய் வேறயா? மல்லாட்ட புடுங்கி முடியற வரைக்கும் இவன எவனும் வேலைக்குக் கூப்டக் கூடாது. அவ்ளோதான்."

பொன்னுரங்கத்தின் சிரிப்பு போய்விட்டது. "ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க. இந்த ஒரு மாசக் கூலிலதாங்க மழைகாலம் முச்சூடும் ஒல வைக்கறோம். பொண்டாட்டி வேற மாசமா இருக்கறா."

மாமாவுக்கும் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது போல. என் பக்கம் திரும்பினார்.

"கமலா, மரத்துக்குப் பக்கத்துல இருக்கறது ஒங்க வூடுதான். வெடிகாலைல இவன அங்க பாத்தியாம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். வாத்தியார் கேள்வி கேட்டாலே தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த ஆட்டல் ஆமாம் என்பது போலவும் இருக்கும், இல்லை என்பது போலவும் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எது வசதியோ, அது.

ஆட்டினேன்.

"பாத்தாளாம்! அப்பறம் இன்னா பேச்சு?" என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொன்னுரங்கம் மட்டும் போகவில்லை. கிட்ட வந்தான். வழக்கம்போலத் தள்ளியே நின்றான்.

"யம்மா, நல்லா நெனச்சிப் பாத்துச் சொல்லுங்க. நீங்க பொய் பேசற ஆளு இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெட்டினது எங்க வீட்டுக் கோடாலி. போனது எங்க வண்டி. மழை மூட்டமா இருக்குது, வேர்க்கடலை மூட்டையெல்லாம் பூசணம் பூத்துடும், எப்படியாவது எண்ணெய் மில்லுல சேர்த்துட்டு வாங்கன்னு மறியல்காரரான என் வீட்டுக்காரரை ராத்திரியெல்லாம் நச்சரித்தது நான். வெடிகாலையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்.

பள்ளிக்கூடத்தில்கூட எதையும் இவ்வளவு சுத்தமாக ஒப்பித்ததில்லை.

"பொன்னுரங்கம்..." என்றேன். குரல் அவன் நிற்கிற இடம் வரைக்கும்தான் போனது. "அந்த மரத்த வெட்டுனது நீ இல்லன்னு எனக்குத் தெரியும். அது வந்து, எங்க வூட்டு..."

"கமலா! இன்னா பேச்சு அங்க? உள்ள வா!" உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர்.

"தோ வந்துட்டேங்க!" என்றேன். இத்தனை நேரம் வராத குரல், இதுக்கு மட்டும் தெருக்கோடி வரைக்கும் கணீரென்று கேட்டது.